பிப் ரிவ்யூ படிவம் அனுப்பியாயிற்று, முடிவு எப்போது வரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரித்தானியாவில் பிப் (Personal Independence Payment) கொடுப்பனவு பெறுகிறவர்கள், அதைத் தொடர்ந்து கொடுப்பதா என்று மீளாய்வு செய்வதற்கான ரிவ்யூ படிவத்தை அனுப்பியதிலிருந்து முடிவுக் கடிதம் கைக்கு வரும்வரை எங்களிடம் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். உடல்நலக் குறைவாலோ மனநலக் குறைவாலோ அன்றாட வேலைகளைச் செய்யவும் நடமாடவும் சிரமப்படுகிறவர்களுக்கு 2013 ஏப்ரலில் தொடங்கிய கொடுப்பனவு இது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதைக் கொடுப்பது டிடபிள்யூபி எனப்படும் வேலை, ஓய்வூதியத் திணைக்களம். ஸ்கொட்லாந்தில் இதற்குப் பதிலாக வேறொரு கொடுப்பனவு உண்டு, அதன் விதிமுறைகளும் வேறு. அங்கே இருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

படிவம் அனுப்பி மாதக்கணக்கில் ஆகிவிட்டது. கடிதத்தில் போட்டிருந்த, கொடுப்பனவு முடியும் தேதியும் நெருங்குகிறது. காசு நின்றுவிடுமா?

நிற்காது. படிவத்தை உரிய காலத்தில் அனுப்பியிருந்தால், ரிவ்யூ முடியும்வரை பழைய தொகை 4 கிழமைக்கு ஒரு தடவை வந்துகொண்டே இருக்கும். தேதி கடந்துபோகும் நிலை வந்தால் டிடபிள்யூபி அந்தத் தேதியைத் தள்ளிப்போட்டுக் கடிதம் அனுப்பும். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள், புளூ பேட்ஜ் (இயலாதோருக்கான வாகனத் தரிப்பு அனுமதி) புதுப்பிக்கும்போது கவுன்சில் கேட்பது அதைத்தான். தேதிக்கு ஒரு மாதமே இருக்கிறது, நீட்டிப்புக் கடிதம் இன்னும் வரவில்லை என்றால் 0800 121 4433 என்ற பிப் இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, வேலை நேரத்தில் கதைக்கலாம்.

ரிவ்யூ முடிய முன்னர் அதன் காரணமாகக் காசு நிற்பது இரண்டு சந்தர்ப்பங்களில்தான்: படிவம் திரும்பிப் போகாமல் இருப்பது, தகுந்த காரணம் இல்லாமல் அசெஸ்மென்ட் என்ற நேர்காணலுக்குப் போகாமல் விடுவது. இரண்டுக்கும் பெரும்பாலும் திறக்கப்படாத கடிதம்தான் காரணமாக இருக்கிறது. டிடபிள்யூபியின் மண்ணிறக் கவர் வந்தால் அன்றைக்கே திறந்து பாருங்கள். ஆங்கிலம் வாசிக்கச் சிரமம் என்றால் படம் எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்புங்கள். மகன் சனிக்கிழமை வந்து பார்க்கட்டும் என்று மேசையில் வைக்காதீர்கள்.

எவ்வளவு காலம் எடுக்கும்?

பல மாதங்கள் எடுக்கும். சிலருக்கு ஒரு வருடத்தையும் தாண்டும். கொடுப்பனவு முடியும் தேதிக்கு ஏறக்குறைய ஒரு வருடம் இருக்கும்போதே டிடபிள்யூபி உங்களுக்குப் படிவத்தை அனுப்பத் தொடங்குவதற்குக் காரணம் இந்தத் தாமதம்தான். படிவம் முதலில் டிடபிள்யூபி அதிகாரியிடம் போகும். அவர் அதை மட்டும் பார்த்து முடிவெடுக்கலாம், அல்லது மருத்துவத் துறை சார்ந்த அசெஸ்ஸரிடம் அனுப்பலாம். அனுப்பினால் வரிசையும் காத்திருப்பும் நீளும். தாமதம் என்றால் உங்களைச் சந்தேகிக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. சீக்கிரம் வந்த முடிவு நல்ல முடிவாக இருக்கும் என்பதும் இல்லை.

படிவம் போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்?

கைத்தொலைபேசி இலக்கம் கொடுத்திருந்தால் பெரும்பாலும் ஒரு குறுஞ்செய்தி வரும். 2 அல்லது 3 கிழமைக்குள் எதுவும் வராவிட்டால் போன் எடுத்துக் கேளுங்கள். இனி அனுப்பப் போகிறவர்களுக்கு: முழுப் படிவத்தையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். சேர்க்கும் ஒவ்வொரு தாளிலும் பெயரையும் நேஷனல் இன்ஷுரன்ஸ் இலக்கத்தையும் எழுதுங்கள். தபால் நிலையத்தில் கவரைக் கொடுக்கும்போது, தபாலிட்டதற்கான அத்தாட்சிச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அது இலவசம். படிவம் தொலைந்துவிட்டது என்று பிறகு சொன்னால் உங்களைக் காப்பாற்றப்போவது அந்தச் சின்னச் சீட்டுத்தான்.

ஒரு மாதத்துக்குள் அனுப்ப முடியாவிட்டால், காலக்கெடு முடிய முன்னரே போன் எடுத்து அவகாசம் கேளுங்கள். டொக்டர் கடிதம் வரவில்லை என்பதற்காகப் படிவத்தைப் பிடித்து வைக்காதீர்கள். படிவத்தை அனுப்பிவிட்டு, கடிதம் கிடைத்ததும் தனியாக அனுப்பலாம்.

எல்லாக் கேள்விக்கும் “மாற்றம் இல்லை” என்று மட்டும் எழுதிவிட்டேன். பிழையா?

உண்மையில் மாற்றம் இல்லையென்றால் அப்படிச் சொல்வதில் பிழை இல்லை. ஆனால் அதோடு நிறுத்தியது பலவீனம். ஒவ்வொரு வேலையிலும் உள்ள சிரமத்துக்கு ஏற்பக் கடந்த முறை கிடைத்த புள்ளிகள் இந்த முறையும் தாமாகவே கிடைக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. அதிகாரி எல்லாவற்றையும் மீண்டும் பார்க்கலாம், அவரிடம் உங்கள் பழைய படிவம் விரித்தபடி இருக்கும் என்று எண்ண வேண்டாம். விவரம் எழுதாத பெட்டி, சிரமம் இல்லாத பெட்டியாக வாசிக்கப்படும்.

இப்போதும் சரிசெய்யலாம். முடிவு எடுக்கும்வரை நீங்கள் எழுதி அனுப்பும் எதையும் அவர்கள் பார்க்க வேண்டும். 2 பக்கம் போதும். எந்த வேலை, என்ன நடக்கிறது, கிழமையில் எத்தனை நாள், யார் உதவுகிறார், உதவி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எழுதுங்கள். ஒரு நாளின் ஒரு பகுதியில் மட்டும் முடியாமல் போனாலும் அந்த நாள் கணக்கில் வரும். வருடத்தில் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் அந்தச் சிரமம் இருக்கிறதா என்பதே அளவுகோல். 2 கிழமைகளுக்கான நாட்குறிப்பு ஒன்றை எழுதிச் சேர்த்தால் காத்திருக்கும் காலத்துக்கு அதைவிட நல்ல பயன்பாடு இல்லை.

என்ன எழுதினால் புள்ளி, என்ன எழுதினால் வீண்?

அன்றாட வாழ்வுக்கு 10 வேலைகள், நடமாட்டத்துக்கு 2. ஒவ்வொரு பிரிவிலும் 8 புள்ளி எடுத்தால் சாதாரண தொகை, 12 எடுத்தால் உயர்ந்த தொகை. 2025-26 இல் அன்றாட வாழ்வுப் பிரிவுக்குக் கிழமைக்கு 73.90 அல்லது 110.40 பவுண், நடமாட்டப் பிரிவுக்கு 29.20 அல்லது 77.05 பவுண் என்று இருந்தது.

எங்கள் ஆட்கள் அதிகம் இழப்பது சமையல் கேள்வியில். “முன்னர் மாதிரி 10 பேருக்குச் சமைக்க முடியாது, பெரிய சோற்றுப் பானையை இறக்கி வடிக்க முடியாது” என்று எழுதுகிறார்கள். உண்மைதான், ஆனால் அதற்குப் புள்ளி இல்லை. சட்டம் கேட்பது ஒருவருக்கான, புதிய பொருட்களில் செய்த, ஒரே வகைச் சாப்பாடு. அதுவும் இடுப்பு உயரத்திலோ அதற்கு மேலோ உள்ள அடுப்பில் அல்லது மைக்ரோவேவில். குனிந்து ஓவனைத் திறக்க முடியாது என்பதும் கணக்கில் வராது. மரக்கறியைத் தோல் உரிப்பதும் வெட்டுவதும் வரும். ஆகவே இப்படி எழுதுங்கள்: “வெங்காயம் வெட்டத் தொடங்கி 2 நிமிடத்தில் வலது கை விரல்கள் மரத்துவிடும். கத்தி நழுவி விரலில் வெட்டியிருக்கிறது. கிழமையில் 5 நாள் மகள்தான் வெட்டித் தருகிறாள்.” இன்னொருவர் உதவி தேவை என்பதற்கு 4 புள்ளி. விசேட கத்தி போன்ற உபகரணம் இருந்தால் செய்யலாம் என்றால் 2.

உடுப்புப் போடுவதில் சப்பாத்தும் கால்மேசும் சேர்த்தி. வீட்டில் செருப்போடு இருப்பதால் பலருக்கு அது நினைவிலேயே வருவதில்லை. குனிந்து கால்மேஸ் போட இன்னொருவர் வேண்டும் என்றால் அதை எழுதுங்கள்.

நடப்பதில் தூரம்தான் எல்லாம். 20 மீற்றருக்கு மேல் போக முடியாவிட்டால் 12 புள்ளி. ஊன்றுகோலோடு 20 இலிருந்து 50 மீற்றர் வரை என்றால் 10, எதுவும் பிடிக்காமல் அதே தூரம் என்றால் 8, 50 இலிருந்து 200 வரை என்றால் 4. “கொஞ்சத் தூரம்” என்று எழுதாதீர்கள், வீட்டு வாசலிலிருந்து எந்தக் கம்பம் வரை என்று அளந்து பார்த்து எழுதுங்கள். ஒரு தடவை எப்படியோ போய்ச் சேர்ந்தால் போதும் என்பதல்ல சட்டம். பாதுகாப்பாக, ஏற்றுக்கொள்ளத்தக்க விதத்தில், தேவையான தடவைகள் திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிய வேண்டும். சாதாரணமாக ஒருவருக்கு எடுக்கும் ஆகக்கூடிய நேரத்தைப்போல் இரு மடங்குக்கு மேல் எடுத்தால், அது முடியாது என்றே கொள்ளப்படும். ஒவ்வொரு பதிலையும் இந்த 4 சொற்களுக்கு எதிரே வைத்துப் பாருங்கள்.

அசெஸ்மென்ட் எப்படி நடக்கும்? எனக்கு ஆங்கிலம் ஓடாது.

தொலைபேசியில், வீடியோவில், நேரில், சிலருக்கு ஆவணங்களை மட்டும் வைத்து. நடத்துவது டிடபிள்யூபி நியமித்த நிறுவனங்கள்: லண்டன், தென்கிழக்கு, கிழக்கு ஆங்கிலியாவில் இன்ஜியஸ், மிட்லண்ட்ஸிலும் வேல்ஸிலும் கப்பிட்டா, தென்மேற்கில் சேர்க்கோ, வடக்கில் மக்ஸிமஸ். தொலைபேசி ஒத்துவராது என்றால், காரணத்தோடு வேறு வழி கேட்கலாம்.

உரைபெயர்ப்பாளரை அவர்களே இலவசமாக ஒழுங்கு செய்வார்கள். அழைப்புக் கடிதம் வந்தவுடன் போன் எடுத்துத் தமிழ் என்று சொல்லுங்கள், அந்த நாளில் கேட்டால் கிடைக்காது. பெண்களுக்குப் பெண் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்றாலும் அப்போதே கேட்டுப் பாருங்கள். பேச்சு புரியவில்லை என்றால் நடுவிலேயே நிறுத்திச் சொல்லுங்கள். கடைசியில் சொன்னால் பதிவில் இராது.

மகனையோ மகளையோ மொழிபெயர்க்க வைப்பதை நாங்கள் விரும்புவதில்லை. மலசலம் போவது பற்றி, மாதவிடாய் பற்றி, இரவில் அலறி எழும்புவது பற்றிப் பிள்ளைக்கு முன்னால் எந்தத் தாயும் தகப்பனும் முழுதாகச் சொல்வதில்லை. யுத்த காலத்தில் அடிபட்டவர்கள், தடுப்பில் இருந்தவர்கள் பிள்ளைகளுக்கே சொல்லாத விஷயங்களை வைத்திருக்கிறார்கள். தனியே வெளியே போக முடியாத பயம், ஆட்களோடு பழக முடியாமை இரண்டுக்கும் புள்ளி உண்டு, சொன்னால்தான். பிள்ளை துணையாகக் கூட இருக்கட்டும், கவனித்ததைத் தன் வாயால் சொல்லட்டும். மொழிபெயர்ப்பை வேறொருவர் செய்யட்டும்.

இன்னொன்று, எங்கள் பழக்கம். “எப்படி இருக்கிறீர்கள்?” என்று அசெஸ்ஸர் தொடங்குவார். மரியாதைக்கு “நல்லா இருக்கிறன்” என்று வந்துவிடும். “இண்டைக்கு நோ கூட, மருந்து போட்டுவிட்டுத்தான் கதைக்கிறன்” என்பது உண்மையென்றால் அதையே சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தவருக்கு எழும்பித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தால், அதுவும் அறிக்கையில் எழுதப்படலாம்.

அறிக்கையில் என்ன எழுதினார்கள் என்று முன்கூட்டியே பார்க்கலாமா?

பார்க்கலாம். அசெஸ்ஸர் அறிக்கை டிடபிள்யூபியிடம் போனபின், பிப் இலக்கத்துக்கு எடுத்து ஒரு பிரதி கேளுங்கள், தபாலில் அனுப்புவார்கள். முடிவு இன்னும் எடுக்கவில்லை என்றால், பிழையான இடங்களைக் குறிப்பிட்டு உடனே எழுதி அனுப்பலாம். இதைப் பலர் செய்வதில்லை. முடிவு எடுத்த பிறகு போராடுவதைவிட இது எவ்வளவோ சுலபம்.

இலக்கம் காட்டாத அழைப்பு வருகிறது. எடுக்கலாமா?

எடுங்கள். டிடபிள்யூபி அழைப்புகள் அப்படித்தான் பல தடவை வரும், ஒரு கேள்வி கேட்டுத் தெளிந்தால் அசெஸ்மென்ட் இல்லாமலே முடிவு வரலாம். தமிழில் கதைக்க வேண்டும் என்று சொன்னால் உரைபெயர்ப்பாளரை லைனில் சேர்ப்பார்கள். வங்கி விவரம் கேட்டு வரும் குறுஞ்செய்தி மோசடி, அதைத் தொடாதீர்கள். சந்தேகம் என்றால் வைத்துவிட்டு நீங்களே பிப் இலக்கத்துக்கு எடுங்கள்.

காத்திருக்கும்போது வருத்தம் கூடிவிட்டது. முடிவு வரும்வரை பொறுக்கலாமா?

பொறுக்காதீர்கள். எந்தத் தேதியிலிருந்து, எந்த வேலையில் என்ன மாற்றம் என்று உடனே அறிவியுங்கள், புது ஸ்கான், புது மருந்து, ஹாஸ்பிடல் கடிதங்களையும் அனுப்புங்கள். ரிவ்யூவில் தொகை கூடினால் வழக்கமாக முடிவு எடுத்த நாளிலிருந்துதான் கூட்டுவார்கள். மாற்றத்தை முன்னரே அறிவித்த பதிவு இருந்தால்தான் அந்தத் தேதியைக் கேள்வி கேட்க இடமிருக்கும். சுகம் வந்து தேவை குறைந்திருந்தாலும் சொல்ல வேண்டும். மறைத்தால் பின்னால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

தொகை குறைந்தால், காத்திருந்த மாதங்களில் வாங்கியதைத் திருப்பிக் கேட்பார்களா?

அவர்களுடைய தாமதத்துக்காகக் கேட்க மாட்டார்கள், சாதாரணமாகக் குறைப்பு, முடிவு எடுத்த தேதியிலிருந்துதான். நீங்கள் அறிவிக்க வேண்டிய மாற்றத்தை அறிவிக்காமல் விட்டிருந்தால் மட்டும் கேட்கலாம்.

ஊருக்குப் போய் வரலாமா?

போகலாம். தற்காலிகப் பயணம் என்றால் 13 கிழமை வரை பிப் தொடரும், மருத்துவ சிகிச்சைக்காகப் போனால் 26 கிழமை. 4 கிழமைக்கு மேல் நிற்கப் போவதாக இருந்தால் போக முன்னரே அறிவிக்க வேண்டும். சிக்கல் காசில் இல்லை, கடிதத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அந்தியேட்டி முடித்துவிட்டுத் திரும்பி வந்தால் அசெஸ்மென்ட் தேதி போயிருக்கும். வீட்டுச் சாவியை ஒருவரிடம் கொடுத்து, கிழமைக்கு இரண்டு தடவை கடிதம் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அழைப்பு வந்திருந்தால் உடனே போன் எடுத்து, திரும்பும் தேதியைச் சொல்லி மாற்றிக் கேளுங்கள். பயண ரிக்கற்றையும் மரண அத்தாட்சியையும் வைத்திருங்கள்.

ஹாஸ்பிடலில் படுத்தால்?

அரசு செலவில் 28 நாள் வரை பிப் தொடரும், அதன் பிறகு நிற்கும், வீட்டுக்கு வந்ததும் மீண்டும் தொடங்கும். இரண்டு தடவை அனுமதிக்கப்பட்டு, இடையில் 28 நாளோ அதற்குக் குறைவாகவோ வீட்டில் இருந்தால் இரண்டையும் கூட்டிக் கணக்குப் பார்ப்பார்கள். போன நாளும் வந்த நாளும் அறிவியுங்கள்.

மோட்டபிலிட்டி கார் (நடமாட்டத் தொகையைக் கொடுத்து ஒப்பந்தத்தில் எடுக்கும் கார்), புளூ பேட்ஜ், மனைவிக்கு வரும் பராமரிப்பாளர் கொடுப்பனவு?

பிப் தொடரும்வரை இவையும் தொடரும். புதுக் கார் எடுப்பதில்தான் இடறும்: அதற்கு உயர்ந்த நடமாட்டத் தொகையில் வழக்கமாக இன்னும் 12 மாதமாவது மீதமிருக்க வேண்டும். ரிவ்யூ முடியும்வரை பழைய காரின் ஒப்பந்தத்தை நீட்டித் தரச் சொல்லி மோட்டபிலிட்டியிடம் கேளுங்கள். முடிவில் அந்தத் தொகை போய்விட்டால் காரைத் திருப்பிக் கொடுக்க 8 கிழமை வரை அவகாசம் கிடைக்கும். பராமரிப்பாளர் கொடுப்பனவு தங்கியிருப்பது அன்றாட வாழ்வுப் பிரிவில். அது போனால் இதுவும் போகும், ஆகவே இரண்டு பேரின் வருமானத்தையும் மனதில் வைத்துக்கொண்டே முடிவுக் கடிதத்தை வாசியுங்கள்.

ஒரு வேலையிலாவது 4 புள்ளி இல்லாவிட்டால் வெட்டுவார்கள் என்கிறார்களே?

2025 இல் அரசாங்கம் அப்படி ஒரு விதியை முன்வைத்தது. எதிர்ப்பு வலுத்ததும், 2025 ஜூலையில் அதைச் சட்டமூலத்திலிருந்து நீக்கிவிட்டு, அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் தலைமையில் பிப் முழுவதையும் ஆராயும் குழுவிடம் ஒப்படைத்தது. அந்த முன்மொழிவு சட்டமாகவில்லை. 2 புள்ளியாக நான்கு இடத்தில் எடுத்து 8 வந்தாலும் அது 8 தான். வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியைப் பார்த்து, கேட்டிருக்க வேண்டிய கொடுப்பனவைக் கைவிடாதீர்கள்.

ஓய்வூதிய வயது வந்துவிட்டது. பிப் நின்றுவிடுமா?

நிற்காது, பெறுகிறவர் தொடர்ந்து பெறலாம். பொதுவாக 10 வருடத்துக்கு ஒரு தடவை இலகுவான ரிவ்யூ வரும். ஆனால் அந்த வயதுக்குப் பிறகு நடை மோசமானால், நடமாட்டத் தொகையைச் சாதாரணத்திலிருந்து உயர்ந்ததற்கு ஏற்ற முடியாது. ஓய்வூதிய வயதை நெருங்குகிறவர்கள் அதற்கு முன்னரே உள்ளதை உள்ளபடி அறிவித்துவிடுங்கள்.

ஒரு வருடமாகிறது. யாரிடம் முறையிடுவது?

முதலில் போனில், தேதியையும் கதைத்தவர் பெயரையும் குறித்துக்கொண்டு. பதில் திருப்தியில்லை என்றால் டிடபிள்யூபியிடம் எழுத்தில் முறைப்பாடு. அதற்கும் அசையாவிட்டால் உங்கள் தொகுதி எம்.பி. அலுவலகம். வாக்கு இல்லாதவரும் அந்தத் தொகுதியில் வசித்தால் கேட்கலாம். புதிய கார், வீட்டு வசதி, கடன் என்று தாமதத்தால் என்ன பாதிப்பு என்பதை ஒரு பந்தியில் எழுதினால் அவர்களுக்கு வேலை சுலபம்.

முடிவு வந்தது. குறைத்துவிட்டார்கள்.

கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் டிடபிள்யூபியிடம் மறுபரிசீலனை கேளுங்கள். தவறினால், தகுந்த காரணத்தோடு 13 மாதம் வரை கேட்கலாம், ஆனால் ஏற்பது அவர்கள் கையில். எந்த வேலைக்கு எத்தனை புள்ளி கொடுத்தார்கள், எத்தனை வர வேண்டும், ஏன் என்று எழுதுங்கள். “அநியாயம்” என்று மட்டும் எழுதிய கடிதம் எதையும் மாற்றாது. மறுபரிசீலனை கேட்காமல் புதிதாக விண்ணப்பிக்கச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள், இடைப்பட்ட காலத்துக் காசு முழுவதும் போய்விடும்.

அதிலும் மாறவில்லை என்றால், அந்தப் பதிலின் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு. நீதிபதி, மருத்துவர், இயலாமை பற்றி அனுபவமுள்ள ஒருவர் என மூவர் கேட்பார்கள். கட்டணம் இல்லை, தமிழ் உரைபெயர்ப்பாளரும் இலவசம். வழக்கு நடக்கும் காலத்தில் குறைக்கப்பட்ட தொகைதான் வரும். வென்றால் மீதி முழுவதும் சேர்த்து வரும்.

கூட்டிக் கேட்டு மேன்முறையீடு போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மறுபரிசீலனையிலும் தீர்ப்பாயத்திலும் முழு முடிவும் திறக்கப்படும், இருப்பதையும் குறைக்கலாம். கையில் நல்ல தொகை இருந்து 2 புள்ளிக்காகப் போவதாக இருந்தால், கையெழுத்துப் போட முன்னர் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பிலோ உங்கள் பகுதி சட்ட ஆலோசனை நிலையத்திலோ முழுக் கோப்பையும் காட்டிக் கேளுங்கள். எல்லாமே போய்விட்டது என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, அந்த ஒரு மாதத்துக்குள் கேட்டுவிடுங்கள்.